விலை குறைந்த ஒயினும் ஃபிரிட்ஜில் அரை மணி நேரமும்

முதலில் ஒரு சின்னச் சோதனை. விலை அதிகமில்லாத சிவப்பு ஒயின் ஒன்றைத் திறந்து, ஒரே மாதிரியான இரண்டு கிளாஸில் கால் பங்கு ஊற்றுங்கள். ஒன்று மேசையிலேயே இருக்கட்டும். மற்றதைச் சின்னத் தட்டால் மூடி ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். அரை மணி நேரம் கழித்து இரண்டையும் மாற்றி மாற்றிக் குடித்துப் பாருங்கள்.

மேசையில் இருந்த கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் முதலில் ஏறுவது சாராய நெடி. வாயில் வைத்தால் கொழகொழவென்று இனிப்பு மாதிரி ஏதோ ஒன்று, விழுங்கியதும் தொண்டையில் ஒரு காந்தல். ஃபிரிட்ஜிலிருந்து வந்ததில் அந்த நெடி அடங்கியிருக்கும். அதுவரை ஒளிந்திருந்த பழ வாசனை மேலே வரும். நாக்கின் ஓரத்தில் புளிப்பு சுருக்கென்று தெரியும். அடுத்த மடக்குக்குக் கை தானாகப் போகும். இரண்டும் ஒரே பாட்டிலில் இருந்து வந்தவைதான்.

நான் இதைத் தற்செயலாகத்தான் கண்டுகொண்டேன். முந்தின நாள் 'சுமார்' என்று ஒதுக்கிய பாட்டில் ஃபிரிட்ஜில் கிடந்தது. மறுநாள் எடுத்து ஊற்றினால் நன்றாக இருந்தது. அன்றிலிருந்து என் கட்சி இதுதான்: வீட்டில் குடிக்கும் சாதாரண ஒயின் ருசிக்காமல் போனால், அதன் விலையைவிட அது இருக்கும் சூட்டையும் அதற்குள் புகுந்த காற்றையும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இரண்டும் நம் கையில் இருப்பவை.

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பேச்சு கிளம்பியது ஐரோப்பாவின் பழைய கல் வீடுகளில். அந்த அறைகளின் வெப்பம் 16, 18 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். வெயில் காலத்தில் 28 டிகிரியில் கொதிக்கும் அறைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கனமான சிவப்புக்கு 15 முதல் 18 டிகிரி, இலேசான சிவப்புக்கு 12 முதல் 14, வெள்ளைக்கும் இளஞ்சிவப்பான ரோஸேவுக்கும் 8 முதல் 12, நுரை பொங்கும் ஒயினுக்கு 6 முதல் 8. இதற்கென்று வெப்பமானி வாங்க வேண்டாம். சிவப்பைக் குடிப்பதற்கு முன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். அறை ரொம்பச் சூடாக இருந்தால் முழு பாட்டிலுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். வெள்ளையை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே விடுங்கள். அவசரமென்றால் ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் பாட்டிலை இறக்குங்கள். காற்றைவிடத் தண்ணீர் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்ளும்.

அதிகம் குளிர்ந்தாலும் வம்புதான், வாசனை மரத்துப்போய்விடும். ஆனால் பாட்டில் உண்மையிலேயே மோசம் என்றால் அதுவே ஒரு வழி. நன்றாகக் குளிர வைத்தால் குறைகளும் சேர்ந்தே மரத்துப்போகும். கிளாஸில் ஐஸ் கட்டி போட்டால் பாவம் என்று எந்த சாஸ்திரமும் இல்லை.

சரி, ஒயின் என்பதுதான் என்ன? புளித்த திராட்சைச் சாறு, அவ்வளவுதான். பழத்திலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. பெரும்பாலான ஒயின்களில் ஆல்கஹால் 11 முதல் 15 சதவீதம். கறுப்புத் திராட்சையாக இருந்தாலும் பிழிந்த சாறு அநேகமாக நிறமில்லாமல்தான் வரும், நிறமெல்லாம் தோலில் இருக்கிறது. தோலோடு சேர்த்துப் புளிக்கவிட்டால் சிவப்பு. தோலை முதலிலேயே பிரித்துவிட்டால் வெள்ளை. சில மணி நேரம் மட்டும் ஊறவிட்டுப் பிரித்தால் ரோஸே.

ஈஸ்ட் சர்க்கரை முழுவதையும் தின்றுவிட்டால் கிடைப்பதுதான் 'டிரை' ஒயின். இந்தச் சொல்லில்தான் புதியவர்கள் வழுக்கி விழுகிறார்கள். டிரை என்றால் இனிப்பு இல்லை என்று மட்டுமே அர்த்தம். பழுத்த பழ வாசனை வருவதால் மூளை 'இனிக்கிறது' என்று சொல்லிவிடும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்குக் குடித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இனிப்புக்கு அடுத்து புளிப்பு. விழுங்கிய பிறகு வாயில் எச்சில் ஊறினால் அது புளிப்பின் வேலை. எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு புளிப்பு. புளிப்பில்லாத ஒயின் சப்பென்று இருக்கும், இரண்டாவது கிளாஸ் இறங்காது.

அடுத்தது டானின். ஒயின் உலகம் இதை விளக்க முடியாமல் திண்டாடுவதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். 'வாயை உலர்த்துவது', 'ஈறைப் பிடித்து இழுப்பது', 'மணல்தாள் மாதிரி' என்று என்னென்னவோ சொல்வார்கள். தமிழில் அறுசுவையில் ஒன்றாகவே அதற்கு ஒரு பெயர் இருக்கிறது: துவர்ப்பு. திராட்சையின் தோலிலும் விதையிலும் காம்பிலும், ஓக் பீப்பாயின் மரத்திலும் இருக்கும் துவர்ப்புப் பொருள்தான் டானின். எச்சிலில் உள்ள புரதங்களோடு அது ஒட்டிக்கொள்வதால் வாய் வழவழப்பை இழந்து சுருங்குகிறது. சரியாகப் புரிய வேண்டுமென்றால் தேயிலையைப் பத்து நிமிடம் கொதிநீரில் ஊறவிட்டு, பால் இல்லாமல், சர்க்கரை இல்லாமல் குடியுங்கள். கன்னத்தின் உட்புறம் இழுத்துப் பிடிக்கிறதே, அதுதான். பிறகு அதில் கொஞ்சம் பால் விட்டுக் குடியுங்கள். பாலின் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும், இழுப்பு குறையும். துவர்ப்பான சிவப்பு ஒயினோடு சீஸ் ஏன் சேர்கிறது என்பதும் அப்போதே விளங்கிவிடும்.

கடைசியாகக் கனம். கொழுப்பெடுத்த பாலுக்கும் முழுப் பாலுக்கும் வாயில் தெரியும் வித்தியாசம் போல. ஆல்கஹால் கூடினால் கனமும் பெரும்பாலும் கூடும்.

இந்த நான்கையும் அடையாளம் கண்டுகொண்டால் கடையில் 'புளிப்பு தூக்கலா, துவர்ப்பு கம்மியா, இனிப்பில்லாம ஒண்ணு குடுங்க' என்று கேட்க முடியும். கடைக்காரருக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது.

மற்றதெல்லாம் வாசனை. லேபிளில் மிளகு, வாழைப்பழம், வெண்ணெய் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, யாரோ கற்பனையில் அளக்கிறார்கள் என்று நான் வெகு நாள் நினைத்திருந்தேன். அளப்பவர்களும் உண்டுதான். ஆனால் விஷயம் முழுப் பொய்யில்லை. சிரா திராட்சை ஒயினில் வரும் மிளகு வாசனைக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற பொருள் என்று 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். மிளகுக்கு மிளகு வாசனை கொடுப்பதும் அதே பொருள்தான். பிரான்சின் போஜோலே பகுதிப் புது ஒயினில் வரும் வாழைப்பழ வாசனையும் பழத்தில் இருக்கும் அதே ஐசோஅமைல் அசிட்டேட்டின் வாசனை. அந்த மிளகுச் சோதனையில் கலந்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனை அறவே தெரியவில்லை. ஆகவே உங்களுக்கு மிளகு வரவில்லை என்றால் மூக்கு அப்படி, ரசனைக் குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

வாசனை எடுபட கிளாஸ் கொஞ்சம் உதவும். வயிறு பெருத்து வாய் குறுகிய எந்தக் கிளாஸும் போதும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். மீதி இடம் வாசனைக்கு. திராட்சைக்கு ஒரு வடிவம் என்று ஆறு விதக் கிளாஸ் விற்பவர்களிடமிருந்து சற்றுத் தள்ளியே நில்லுங்கள்.

இனி விலை. ஒரு பாட்டில் ஏன் மலிவு, இன்னொன்று ஏன் யானை விலை? நிலத்தின் விலை முதல் காரணம். பெயர்பெற்ற ஊரின் சரிவில் ஒரு ஏக்கரும், யாருக்கும் தெரியாத சமவெளியில் ஒரு ஏக்கரும் ஒன்றல்ல. கொடியில் எவ்வளவு பழம் விடுகிறார்கள், கையால் பறிக்கிறார்களா, இயந்திரத்தாலா என்பதும் சேரும். அப்புறம் பீப்பாய். பிரான்சின் ஒயின் ஊரான போர்டோ பாணி ஓக் பீப்பாயின் கொள்ளளவு 225 லிட்டர், அதாவது சரியாக 300 பாட்டில். புதுப் பீப்பாயின் விலை அந்த 300 பாட்டிலின் தலையில் விழும், அதில் ஒயினை ஒன்றிரண்டு வருஷம் தூங்கவைக்கும் செலவு வேறு. மலிவு ஒயினில் பீப்பாய்க்குப் பதில் ஓக் மரச் சில்லுகளைத் தொட்டியில் போட்டு ஊறவைப்பதுண்டு. வெனிலா வாசனை வந்துவிடும், மரத்தின் வழியே மெல்ல நடக்கும் முதிர்ச்சி வராது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது. கண்ணாடி பாட்டில், மூடி, லேபிள், லாரி வாடகை எல்லாம் மலிவு ஒயினுக்கும் நல்ல ஒயினுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பல நாடுகளில் வரியும் லிட்டர் கணக்கில்தான். அதனால் கடையில் ஆகக் குறைந்த விலை பாட்டிலில், நீங்கள் கொடுத்த காசில் உள்ளே இருக்கும் திராட்சைக்குப் போவது சொற்பம். ஒரே ஒரு படி மேலே ஏறினால் அந்தக் கூடுதல் காசில் கணிசமான பங்கு திராட்சைக்குப் போய்ச் சேரும். அதற்கு மேல் ஏற ஏற, பெயருக்கும் அபூர்வத்துக்கும் கொடுக்கிறோம். அடிமட்டத்திலிருந்து இரண்டாவது, மூன்றாவது படிதான் என்னைப் போன்றவர்களுக்கான இடம்.

விலை நாக்கையும் ஏமாற்றும். 2008-இல் வெளியான ஒரு கலிபோர்னிய ஆய்வில் 20 பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, குழாய் வழியாக ஐந்து விதக் கபெர்னே சொவின்யோன் என்ற சிவப்பு ஒயின் கொடுப்பதாகச் சொன்னார்கள். உள்ளே போனது மூன்றே விதம். ஒரே ஒயினை அதன் சொந்த விலை சொல்லி ஒரு முறையும், ஒன்பது மடங்கு விலை சொல்லி இன்னொரு முறையும் கொடுத்தார்கள். விலை கூடச் சொன்னபோது 'நன்றாக இருக்கிறது' என்று வாய் சொன்னதோடு நிற்கவில்லை, இன்பத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதியும் கூடுதலாக வேலை செய்தது. அதே வருஷம் வெளிவந்த இன்னோர் ஆய்வில், விலை தெரியாமல் ஒயின் குடித்தவர்களின் 6,000-க்கும் மேற்பட்ட மதிப்பெண்களை அலசினார்கள். ஒயின் பயிற்சி இல்லாதவர்களுக்கு விலை உயர்ந்தது ஒரு துளி குறைவாகவே பிடித்திருந்தது. போர்டோவில் 54 ஒயின் மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்த கதை 2001-இல் வெளியானது. அவர்கள் சிவப்பு ஒயினுக்கான சொற்களாலேயே அதை வர்ணித்தார்கள். படித்தவர்கள் பாடே அப்படி என்றால் நாம் வெட்கப்பட என்ன இருக்கிறது?

பாட்டிலைத் தேர்ந்தெடுக்கும்போது ஊரின் புகழுக்குக் காசு கொடுக்காமல் தப்பிக்கலாம். நுரை ஒயின் வேண்டுமென்றால் ஷாம்பெயினுக்குப் பதில் ஸ்பெயினின் காவா அல்லது பிரான்சின் மற்றப் பகுதிகளில் செய்யும் கிரெமாந். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை புளிக்கவைக்கும் அதே முறைதான். பாட்டிலில் முதிர ஷாம்பெயினுக்குக் குறைந்தது 15 மாதம், காவாவுக்கு 9 மாதம் என்பது ஒரு பெரிய வித்தியாசம். போர்டோவின் பெயருக்குப் பதில் தெற்குப் பிரான்சின் லாங்டாக், இத்தாலியின் புலியா, ஸ்பெயினின் கர்னாச்சா, அர்ஜென்டினாவின் மால்பெக் என்ற சிவப்புத் திராட்சை ஒயின்கள், வெள்ளையென்றால் தென்னாப்பிரிக்காவின் செனின் பிளாங்க். சிலி நாட்டுக் கார்மனேர் திராட்சைக்கு ஒரு கதையே உண்டு. பல காலம் அதை மெர்லோ என்ற வேறு திராட்சை என்று நினைத்தே வளர்த்தார்கள். 1994-இல் பிரெஞ்சுத் திராட்சை வல்லுநர் ழான்-மிஷெல் பூர்சிகோ கொடியைப் பார்த்து, 'இது மெர்லோ இல்லை, கார்மனேர்' என்றார். பிரான்சில் கிட்டத்தட்ட மறைந்துபோன போர்டோவின் பழைய இனம் அது.

லேபிளில் 'ரிசர்வ்' என்று தங்க எழுத்தில் இருந்தால் மயங்க வேண்டாம். ஸ்பெயினில் 'ரெசர்வா' என்பதற்குச் சட்டத்தில் அர்த்தம் உண்டு. சிவப்பென்றால் மூன்று வருஷம், அதில் ஒரு வருஷமாவது ஓக் பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 'ரிசர்வ்' என்பது வெறும் அலங்காரம். உருப்படியான தகவல் இரண்டு: வருஷமும் ஆல்கஹால் சதவீதமும். மலிவு வெள்ளையிலும் ரோஸேயிலும் புது வருஷத்தையே எடுங்கள். ஒயின் பழசானால் ருசி கூடும் என்பது, வைத்து முதிர்விக்கவே செய்த சில ஒயின்களுக்கு மட்டும் பொருந்தும். ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் பாட்டிலில் ஆல்கஹால் 8 சதவீதம் என்றிருந்தால், ஈஸ்ட் தின்னாமல் விட்ட சர்க்கரை உள்ளே இருக்கிறது என்று ஊகிக்கலாம்.

அடுத்த எதிரி காற்று. திறந்த நேரத்திலிருந்து ஆக்சிஜன் வேலையைத் தொடங்கிவிடும். முதல் ஒரு மணி நேரம் அது நன்மையாகவும் இருக்கலாம், முறுக்கான சிவப்பு ஒயின் கொஞ்சம் இளகும். பிறகு பழ வாசனை மங்கி, அழுகிய ஆப்பிள் வாசம் எட்டிப்பார்க்கும். காற்றோடு அசிட்டோபாக்டர் கிருமியும் சேர்ந்தால் ஆல்கஹால் காடியாகிவிடும். ஒயின் எப்படிக் கெடுகிறது என்று ஆராய்ந்து 1866-லேயே லூயி பாஸ்டர் ஒரு நூல் எழுதினார். தயாரிப்பாளர்களின் தலைவலியாக இருந்த விஷயம் இன்று பாதி பாட்டில் வைத்திருக்கும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

வழி எளிது. திறந்ததும், இன்று குடிக்கப்போவதில்லை என்று தெரிந்த பாதியை நன்றாகக் கழுவிய சின்ன பாட்டிலில் விளிம்பு வரை ஊற்றி மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். உள்ளே காற்றுக்கு இடமே இல்லை. சிவப்பானாலும் சரி, வெள்ளையானாலும் சரி, மூன்று நாலு நாள் தாங்கும். இதற்கென்று விற்கும் காற்று உறிஞ்சும் பம்பு ஒன்று என்னிடம் அலமாரியில் தூங்குகிறது. தினம் ஒரு கிளாஸ் குடிப்பவருக்குப் பெட்டி ஒயின் இன்னும் வசதி. 1965-இல் ஆஸ்திரேலியாவின் தாமஸ் ஆங்கோவ் காப்புரிமை எடுத்த யோசனை அது. ஒயின் குறையக் குறைய உள்ளே இருக்கும் பை சுருங்கும், காற்று நுழையாது. நாலு வாரம் சாதாரணமாக நிற்கும்.

திறக்காத பாட்டிலுக்கும் சூடு ஆகாது. ஒரு முறை பாட்டில் ஒன்றை ஃபிரிட்ஜ் மேலேயே அழகுக்கு நிறுத்தி வைத்திருந்தேன். கீழே மோட்டார் சூடு, மேலே விளக்கு. எட்டு மாதம் கழித்துத் திறந்தபோது தக்கை கொஞ்சம் வெளியே தள்ளியிருந்தது, சிவப்பு பழுப்பாகியிருந்தது, வாசனை வேகவைத்த உலர்திராட்சை மாதிரி. அலமாரியின் அடித்தட்டு, இருட்டு, குளிர்ச்சி, இது போதும். தக்கை போட்டதைப் படுக்க வையுங்கள், இல்லாவிட்டால் தக்கை காய்ந்து காற்று விடும். திருகுமூடி எப்படி வைத்தாலும் சரி.

திருகுமூடி என்றால் மட்டம் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. தக்கையில் உருவாகும் டிசிஏ என்ற பொருள் ஒயினில் இறங்கினால், நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும். இந்தத் தொல்லை தாங்காமல் 2000-இல் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்குத் தயாரிப்பாளர்கள் கூட்டாகத் தங்கள் ரீஸ்லிங்கைத் திருகுமூடிக்கு மாற்றினார்கள். அட்டைப்பெட்டி வாடை வந்தால் கடையில் திருப்பிக் கேளுங்கள். அது ஒயினின் பழுது, உங்கள் மூக்கின் பழுதில்லை.

தலைவலிக்கு, ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்ஃபைட்டைக் குறை சொல்வது வழக்கம். ஐரோப்பிய விதியில் டிரை சிவப்புக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராம், டிரை வெள்ளைக்கு 200 வரை அனுமதி. சிவப்பு மட்டும் தலையைப் பிடிக்கிறது என்பவர்களின் கணக்கு இங்கே இடிக்கிறது. பெரும்பாலும் குற்றவாளி ஆல்கஹாலும் குடிக்க மறந்த தண்ணீரும்தான்.

அளவு பற்றியும் சொல்ல வேண்டும். 750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ். 12 சதவீத ஒயினில் ஒரு கிளாஸுக்குச் சுமார் 14 கிராம் ஆல்கஹால். பெரிய கிளாஸில் கண்ணளவாக ஊற்றினால் 150 எப்போது 220 ஆனது என்று தெரியாது. ஒரு முறை அளந்து ஊற்றி, அது கிளாஸில் எந்த உயரம் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்ற பழைய பேச்சை நம்பிக் குடிக்க வேண்டாம். ஆல்கஹால் பானங்களைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகையில் 1988-லேயே சேர்த்துவிட்டார்கள், பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. நான் மருந்தாகக் குடிக்கவில்லை, பிடித்ததால் எப்போதாவது குடிக்கிறேன், அதுவும் வண்டி எடுக்காத நாளில். மருந்து சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் தொட வேண்டாம். இதுவரை குடிக்காதவர் இந்தக் கட்டுரைக்காகத் தொடங்கவும் வேண்டாம்.

சாப்பாட்டோடு சேர்ப்பதற்குப் பெரிய சூத்திரம் வேண்டியதில்லை. உப்பும் கொழுப்பும் துவர்ப்பைத் தணிக்கும். காரம் ஆல்கஹாலோடு சேர்ந்தால் எரிச்சல் இரட்டிப்பாகும், அதற்கு ஆல்கஹால் குறைந்த, கொஞ்சம் இனிப்புள்ள வெள்ளை தேவலை. இனிப்புப் பண்டத்தோடு டிரை ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும். மீனோடு சிவப்பு சில சமயம் கவிச்சி அடிப்பதற்கு ஒயினில் உள்ள இரும்புச் சத்து ஒரு காரணம் என்று 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள்.

குடித்தது எது என்று மறந்துபோவதுதான் வீட்டுக் குடியரின் பெரிய நஷ்டம். நான் லேபிளை ஃபோனில் படம் எடுத்து, கீழே ஒரு வரி தட்டி வைக்கிறேன். கடைசியாக எழுதியது: 'செனின் பிளாங்க், திருகுமூடி. புளிப்பு தூக்கல். முதல் நாள் ரொம்பச் சில்லென்று குடித்துவிட்டேன், ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் கால் மணி நேரம் வெளியே வைத்தேன், பச்சை ஆப்பிளும் தேனும். இன்னொன்று வாங்கலாம்.'